பழைய கார் கூடல்களில் ஆர்.சி.யும் இன்சூரன்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலையில் எட்டுப் பத்து அம்பாசிடர், நாலு ஃபியட், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, யாரோ ஒருவரின் 1930-களின் ஆஸ்டின் என ஒரு கல்லூரி மைதானத்திலோ ஓட்டல் முற்றத்திலோ வந்து நிற்கும் உள்ளூர்ச் சந்திப்புகளுக்காக எழுதப்பட்டது இது. தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவர்களும் கூடலை நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. கட்டண விவரங்களைப் பணம் கட்டும் முன் ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கிளையிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கூடலுக்கென்று மொத்தமாக ஒரு பாலிசி எடுத்துவிட்டால் போதாதா? ஒவ்வொரு காரின் இன்சூரன்ஸையும் எதற்குப் பார்க்க வேண்டும்?

போதாது. பெரும்பாலான அமைப்பாளர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

நடத்துபவர் எடுக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு, அதாவது பப்ளிக் லயபிலிட்டி பாலிசி, பந்தல் சரிந்து ஒருவர் தலையில் விழுவது, தரையில் கிடக்கும் ஜெனரேட்டர் ஒயரில் கால் சிக்கி ஒரு பாட்டி விழுவது போன்றவற்றுக்கானது. மோட்டார் வாகனச் சட்டப்படி காப்பீடு செய்தே தீர வேண்டிய பொறுப்பை அந்தப் பாலிசி விலக்கி வைத்திருக்கும். கூட்டத்துக்கு நடுவே பின்னால் எடுத்த ஒரு கார் யாரையாவது இடித்தால் பணம் வர வேண்டியது அந்தக் காரின் தேர்டு பார்ட்டி பாலிசியிலிருந்துதான். அது நேற்றே காலாவதியாகியிருந்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். வாசலில் பார்க்காமல் உள்ளே விட்டதற்காக அமைப்பாளரையும் வழக்கில் சேர்ப்பார்கள்.

காருக்கே சேதம் என்றால் அது மூன்றாவது கணக்கு. அதை உரிமையாளரின் ஓன் டேமேஜ் பகுதி பார்த்துக்கொள்ளும். அமைப்பாளரின் பாலிசி, அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பிறர் சொத்தைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. ராத்திரி மைதானத்தில் நிறுத்திவைத்த காரின் பானெட்டில் இருந்த சின்னத்தைத் திருடிப் போனால் நடத்துபவரின் பாலிசியில் கேட்க முடியாது.

கண்காட்சி, டிரைவ், ரேலி என்று எப்படி அழைத்தாலும் ஒன்றுதானே?

உங்கள் பாலிசியை எடுத்து ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பத்தியைப் படியுங்கள். தனியார் கார் பாலிசியின் வழக்கமான வாசகம் இது: வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், பேஸ் மேக்கிங், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரயல், மோட்டார் வியாபாரம் ஆகியவை நீங்கலாக மற்றெல்லாப் பயன்பாட்டுக்கும் காப்பீடு உண்டு.

காரை நிறுத்திப் பார்வைக்கு வைப்பதும், எல்லாரும் சேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாதாரண வேகத்தில் மாமல்லபுரம் வரை போய் வருவதும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால், ‘இந்த இடத்தை இத்தனை மணிக்குத் தொட வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தால் இத்தனை புள்ளி கழியும்’ என்று நேரம் பார்க்கும் டி.எஸ்.டி. ரேலி, ரிலையபிலிட்டி டிரயலில் சேரும். அதற்கு, இந்திய மோட்டார் டாரிஃப் என்ற பழைய இன்சூரன்ஸ் கட்டண விதித் தொகுப்பில் உள்ள ஐ.எம்.டி. 31 என்ற ஒப்புதலைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். நிகழ்ச்சியின் பெயர், இடம், தேதி, நடத்துபவர் பெயர் நான்கும் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒப்புதல் இருந்தாலும் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காப்பு கிடையாது, நிகழ்ச்சியை நடத்துபவருக்கும் கிடையாது. கூடவே நிகழ்ச்சியின்போது காரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏற்படும் காயத்தையும் அது விலக்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்து நேரக்கணக்குப் போடும் நண்பருக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

பந்தயம் என்றால் பிரச்சினை வேறு தளத்துக்குப் போய்விடும். மாநில அரசின் எழுத்துப்பூர்வ இசைவின்றி வேகப் போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். அதோடு, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம் என்பது மூன்றாம் நபர் கேட்கும் இழப்பீட்டையே மறுக்க இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சட்டம் தரும் காரணங்களில் ஒன்று. எனவே அழைப்பிதழில் ‘முதலில் வருபவருக்குக் கோப்பை’ என்ற வரியைப் போடாதீர்கள். விபத்து நடந்தால் வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அந்த அழைப்பிதழைத்தான். பரிசு தர வேண்டுமென்றால் பராமரிப்புக்கும் அசல் தன்மைக்கும் தரலாம். போட்டி நடத்தியே ஆக வேண்டும் என்றால் சென்னையில் தலைமையகம் கொண்ட மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. வழியாகப் போவதே முறை.

கார் மைதானத்துக்குள் சும்மா நிற்கப்போகிறது. ரோட்டில் ஓட்டாதபோது இன்சூரன்ஸ் எதற்கு?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு ‘பொது இடம்’ என்கிறது, சாலை என்று மட்டும் சொல்லவில்லை. பொதுமக்கள் உள்ளே வர உரிமையுள்ள எந்த இடமும் அதில் அடங்கும். டிக்கெட் போட்டோ போடாமலோ ஊரையே அழைத்த மைதானத்தை ‘தனியார் இடம்’ என்று வாதாடி ஜெயிப்பது கடினம். நிற்கும் வண்டியும் விலக்கல்ல. கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில், அதுவும் வாகனப் பயன்பாட்டால் எழுந்த விபத்துதான் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹேண்ட்பிரேக் பிடிக்காத ஹெரால்டு சரிவில் உருண்டு வேடிக்கை பார்ப்பவர் காலில் ஏறினால் அதே தர்க்கம்தான்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000. மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அபராதம் சின்னது. இழப்பீட்டுத் தொகைக்குத்தான் மேல் வரம்பே கிடையாது.

‘விண்டேஜ்’ என்றால் எத்தனை வருடத்துக்கு முந்தைய கார்?

ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு அளவுகோல். குழப்பம் இங்கிருந்தே வருகிறது.

ஆர்.டி.ஓ.வுக்கு: 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வாகனம் விண்டேஜ். அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

பழைய மோட்டார் டாரிஃபுக்கு: 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரானது. விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழும் வேண்டும். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 25 சதவீதத் தள்ளுபடி இதற்குத்தான், பாலிசியில் ஐ.எம்.டி. 9 என்று வரும்.

கிளப்புகளுக்கு: அவரவர் வகுத்துக்கொண்ட ஆண்டு வரிசை. ‘கிளாசிக்’ என்பது முழுக்க கிளப் வழக்கு. அந்தப் பெயரில் தனிப் பதிவு வகை எதுவும் விதிகளில் இல்லை.

அதனால் 1968-ஆம் ஆண்டு ஃபியட் ஆர்.டி.ஓ.வுக்கு விண்டேஜாகவும் டாரிஃபுக்குச் சாதாரணக் காராகவும் இருக்கும். ஏஜென்டிடம் ‘விண்டேஜ் வண்டி’ என்று மட்டும் சொன்னால் அவர் ஒன்றை நினைப்பார், நீங்கள் வேறொன்றை நினைப்பீர்கள்.

வி.ஏ. நம்பர், அதாவது விண்டேஜ் பதிவு எண், வாங்க என்ன செய்ய வேண்டும்? வாங்கலாமா?

படிவம் 20-இல் விண்ணப்பம், நடப்பு இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியானால் பில் ஆஃப் என்ட்ரி, கட்டணம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்தாண்டு செல்லும். அதன் பின் மறுபதிவுக்கு 5,000. விண்ணப்பித்த 60 நாளுக்குள் படிவம் 23ஏ-யில் சான்றிதழ் தர வேண்டும் என்பது விதி. இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் எண்ணை இழக்க வேண்டாம் என்பது பலருக்கும் பெரிய ஆறுதல். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மட்டும் மாநிலக் குறியீடு, வி.ஏ., இரண்டு எழுத்து, நாலு இலக்கம் என்று எண் வரும்.

வாங்கலாமா என்றால், வண்டியை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடத் தேவைக்கோ வருமானத்துக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் ரேலி, அவற்றுக்குப் போய் வருவது, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும் அம்பாசிடருக்கு இது வேண்டாம். வருடத்தில் நாலு முறை மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரும் 1930-களின் காருக்கு இதுவே சரி.

பணக் கணக்கும் பார்க்கலாம். சாதாரணப் பதிவில் 15 ஆண்டுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டு தாண்டிய காருக்கு ஒரு தடவைக்கு 10,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 80,000. உள்நாட்டுக் காருக்குப் பத்தாண்டில் 20,000 ஆகிறது, பசுமை வரி தனி. முதல் பத்தாண்டுக்கு இரண்டும் ஏறத்தாழச் சமம். இறக்குமதிக் காருக்கோ வித்தியாசம் மலையளவு.

வி.ஏ. வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூடலை நடத்துபவரிடம் வண்டி எண், தேதி, இடம், நேரம் குறித்த அழைப்புக் கடிதம் வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். ‘எங்கே போகிறீர்கள்’ என்று சாலையில் கேட்டால் நீட்டுவதற்கு அந்த ஒரு தாள் போதும். விபத்துக்குப் பிறகு சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்டாலும் அதுதான் சாட்சி. நண்பரோடு டீ குடிக்கக் கிளம்பியதைக் கண்காட்சி என்று சொல்லிச் சமாளிக்க முடியாது.

என் அம்பாசிடரில் டீசல் என்ஜின் மாற்றியிருக்கிறது. கொண்டுவரலாமா?

ஆர்.சி.யில் அந்த மாற்றம் ஏறியிருந்தால் கொண்டுவரலாம். பெட்ரோல் அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் மெட்டாடர் டீசல் என்ஜின் இறக்கியது ஒரு காலத்தில் ஊரெங்கும் நடந்தது. பல வண்டிகளில் அதை ஆர்.சி.யில் ஏற்றாமலே விட்டுவிட்டார்கள். 52-ஆம் பிரிவு இதை அனுமதிப்பதில்லை. பாலிசியிலோ பழைய என்ஜின் எண்ணும் ‘பெட்ரோல்’ என்பதும்தான் இருக்கும். சர்வேயர் பானெட்டைத் திறந்து பென்சிலைத் தேய்த்து எண் பிரதி எடுக்கும்போது எல்லாம் வெளியே வந்துவிடும், ஓன் டேமேஜ் கிளைம் அங்கேயே நிற்கும். முதலில் ஆர்.சி.யைத் திருத்துங்கள், பிறகு பாலிசியில் ஒப்புதல் வாங்குங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. விண்டேஜ் பதிவுக்கு இந்த வண்டி தகுதி பெறாது.

ஆர்.சி. இன்னும் காலஞ்சென்ற தாத்தாவின் பெயரில் இருக்கிறது. இன்சூரன்ஸும் அவர் பெயரிலேயே கட்டி வருகிறோம்.

பழைய கார் வீடுகளில் மிகச் சாதாரணமான, மிக ஆபத்தான நிலை. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தால் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை வாரிசு வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாலிசியும் அதிகபட்சம் மூன்று மாதம்தான் தாங்கும். அதற்கு முன்பே காலம் முடிந்தால் அத்தோடு சரி. இறந்தவர் பெயரில் புதுப்பித்துக்கொண்டே போன பாலிசிக்குப் பிரீமியம் கட்டிய ரசீது இருக்கும். ஆனால் ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் ஆளே இல்லை.

வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள். ஆர்.சி. பழைய புத்தகமாக மட்டும் இருந்து அரசின் ‘வாகன்’ பதிவுக் கணினியில் ஏறாமல் இருந்தால், பதிவு நடந்த அலுவலகத்தில் முதலில் பேக்லாக் என்ட்ரி போடச் சொல்ல வேண்டும். கையால் எழுதிய பழைய லெட்ஜரில் சேஸிஸ் எண்ணின் ஓர் இலக்கம் தப்பாக இருப்பதுண்டு. ஃபயர்வால் தகட்டில் இருக்கும் எண்ணைத் துடைத்துத் தெளிவாகப் படம் எடுத்துச் செல்வது இரண்டு நடையை மிச்சமாக்கும்.

விலைக்கு வாங்கிய வண்டியானால் கணக்கு வேறு. பழைய உரிமையாளரின் தேர்டு பார்ட்டிக் காப்பு உங்கள் பெயருக்குத் தானாக மாறியதாகச் சட்டம் கொள்கிறது. ஓன் டேமேஜ் அப்படி மாறாது. 14 நாளுக்குள் எழுதிக் கேட்டு மாற்ற வேண்டும்.

ஆர்.சி. காலாவதியாகிவிட்டது. ஒரு நாளைக்குத்தானே, ஓட்டி வரலாமா?

ஓட்டி வரக் கூடாது. ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிப் பார்வைக்கு வைக்கலாம். நுழைவுப் படிவத்தில் ‘நிலையான காட்சி’ என்று குறித்து, வளாகத்துக்குள்ளும் ஸ்டார்ட் செய்து நகர்த்த மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தாமதமாகப் புதுப்பிக்கும் காருக்கு மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், பைக்குக்கு 300.

தேர்டு பார்ட்டி பிரீமியம் எவ்வளவு ஆகும்?

2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, தனியார் காருக்கு ஓராண்டுத் தொகை 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. விண்டேஜ் என்று பதிவான தனியார் காருக்கு இதில் பாதிதான். மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி.

948 சி.சி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதல் வரிசையில் வரும். 1489 சி.சி. அம்பாசிடரும் 1089 சி.சி. ஃபியட்டும் நடு வரிசை. அம்பாசிடர் விண்டேஜாகப் பதிவாகியிருந்தால் 1,708 ரூபாய், வரியோடு 2,015. பெரிய அமெரிக்க கார்களெல்லாம் மூன்றாவது வரிசை. கிளப் சான்றிதழைக் காட்டி இந்தப் பாதிச் சலுகையைக் கேட்காதீர்கள், ஆர்.சி.யில் விண்டேஜ் என்று இருந்தால்தான் கிடைக்கும்.

இணையத்தில் பழைய தயாரிப்பு ஆண்டைப் போட்டால் பல தளங்கள் ஏற்காது. அப்போது ஆண்டை மாற்றிப் போட்டு வாங்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்யவே செய்யாதீர்கள், தவறான விவரம் தந்ததாகி பாலிசியே ஆட்டம் காணும். கிளை அலுவலகத்துக்கு நேரில் போனால் கையால் பதிந்து தருவார்கள்.

கூடல் நடக்கும் காலையில் போனில் பாலிசி வாங்கி வருபவர்களையும் பார்க்கிறோம். பாலிசி தொடங்கும் நேரம் அதில் அச்சாகியிருக்கும். பத்து மணிக்கு விபத்து, பாலிசி அன்று வரும் நள்ளிரவிலிருந்துதான் தொடக்கம் என்றால் காப்பு இல்லை.

பார்க்க வந்த குழந்தைகளை ஏற்றி ஒரு ரவுண்டு போகலாமா?

ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் முதலில் உங்கள் பாலிசி எது என்று பாருங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்த தனியார் காரில் இலவசமாக உட்கார்ந்து வருபவருக்குக் காப்பு இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் 2006 தீர்ப்பிலிருந்து தெளிவு. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் காரில் இருப்பவர்களும் அடங்குவார்கள் என்று 2012-இல் அதே நீதிமன்றம் சொன்னது. பழைய கார்களில் பெரும்பாலானவை தேர்டு பார்ட்டி மட்டும் போட்டவை. முன் கதவு தானாகத் திறந்துகொள்ளும் பழக்கமும், சீட் பெல்ட் இல்லாத பெஞ்சு இருக்கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எங்கள் பரிந்துரை: ரவுண்டு அடிக்க பேக்கேஜ் பாலிசியும், பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான ஐ.எம்.டி. 16 காப்பும் உள்ள இரண்டு மூன்று கார்களை மட்டும் ஒதுக்குங்கள். மற்றவற்றில் நின்ற இடத்திலேயே உட்கார வைத்துப் படம் எடுக்கலாம். பெட்ரோல் செலவுக்கு என்று ஆளுக்கு 50 ரூபாய் வாங்கினாலும் அது வாடகை ஓட்டமாகிவிடும், பேக்கேஜ் பாலிசியும் கைவிடும். கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமாவுக்கும் வாடகைக்கு விடுவதும் இதே கணக்குதான்.

வேறொரு கார் என் மட்கார்டை நசுக்கிவிட்டது. இன்சூரன்ஸில் எவ்வளவு கிடைக்கும்?

இடித்த காரின் தேர்டு பார்ட்டி பாலிசியில் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. சிலர் பிரீமியத்தில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இதை 6,000 ரூபாயாகக் குறைத்திருப்பார்கள். வாசலில் இதையும் கவனியுங்கள், ஒரு ஹெட்லைட் வளையத்துக்குக்கூட அது பற்றாது.

உங்கள் ஓன் டேமேஜில் கேட்டால் தேய்மானம் கழியும். பத்தாண்டு தாண்டிய வண்டியின் உலோகப் பாகத்துக்கு 50 சதவீதம், ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் 50, கண்ணாடிக்கு இல்லை. ஓர் அம்பாசிடர் கணக்கு: பட்டறையில் கையால் தட்டி எடுத்த புது மட்கார்டு 40,000 ரூபாய், டிங்கரிங் கூலி 15,000, பெயின்டிங் 20,000, மொத்தம் 75,000. மட்கார்டில் பாதி கழிந்து 20,000. கூலி முழுதாக 15,000. பெயின்டிங் பில்லில் 25 சதவீதத்தைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், ஆகவே 17,500. மொத்தம் 52,500. 1500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 போக, கைக்கு வருவது 51,500.

இங்கே கவனியுங்கள்: பழைய மட்கார்டையே தட்டிச் சரிசெய்தால் அது கூலி, தேய்மானம் கழியாது. அசல் தகடும் பிழைக்கும். முடிந்தவரை அதையே செய்யச் சொல்லுங்கள்.

முழு இழப்புக்கு ஐ.டி.வி., அதாவது பாலிசியில் குறித்த காரின் மதிப்புதான் அளவு. ஐந்தாண்டு தாண்டிய, தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கு அதைப் பேசி முடிவு செய்வது இரு தரப்பின் கையில் இருக்கிறது. பிரீமியம் குறையட்டும் என்று 50,000 ரூபாய் போட்டு வைத்த காருக்கு எட்டு லட்சம் செலவழித்து வேலை செய்திருந்தாலும் எரிந்தால் 50,000-தான். உரிமம் பெற்ற சர்வேயரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி, வேலையின் பில்களையும் நான்கு பக்கப் படங்களையும் சேர்த்து, பாலிசி எடுக்கும்போதே கொடுத்துவிடுங்கள். பாலிசி விட்டுப்போயிருந்தால் மறுபடி எடுக்கும் முன் வண்டியை நேரில் பார்ப்பார்கள். 90 நாள் தாண்டினால் நோ கிளைம் போனஸும் போய்விடும்.

லாரியில் ஏற்றிக் கொண்டுவரும்போது விழுந்தால்?

பேக்கேஜ் பாலிசியில் சாலை, ரயில் வழியே வண்டி ஏற்றிச் செல்லப்படும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் எதுவும் இல்லை. ஏற்றும் முன் படம் எடுங்கள். கயிற்றை பம்பரில் கட்ட விடாதீர்கள், ஆக்சிலில் பட்டை பெல்ட் போடச் சொல்லுங்கள். விபத்துக்குப் பின் பட்டறைக்கு இழுத்துச் செல்ல பாலிசி தருவது 1,500 ரூபாய்தான், ஊட்டியிலிருந்து கோவைக்கு இறக்க அது எந்த மூலைக்கும் காணாது.

நடத்துபவர் எந்தப் பாலிசியைக் கேட்டு வாங்க வேண்டும்?

‘பப்ளிக் லயபிலிட்டி’ என்று மட்டும் சொன்னால் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆபத்தான ரசாயனம் கையாளும் ஆலைகளுக்கான பாலிசியை எடுத்து நீட்டுவதும் நடக்கும். அது உங்களுக்கு வேண்டாதது. ‘தொழிற்சாலை அல்லாத இடத்துக்கான பப்ளிக் லயபிலிட்டி’ அல்லது அந்தப் பிரிவை உள்ளடக்கிய ‘ஈவென்ட் இன்சூரன்ஸ்’ என்று கேளுங்கள்.

பாலிசியில் ஏ.ஓ.ஏ., ஏ.ஓ.ஒய். என்று இரண்டு தொகை இருக்கும். முதலாவது ஒரு விபத்துக்கான உச்சம், இரண்டாவது பாலிசி காலம் முழுவதற்குமான உச்சம். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு இரண்டும் சமமாக இருந்தால் போதும், முதலாவதை உயர்த்திக் கேளுங்கள். பந்தல் போடத் தொடங்கும் முந்தைய நாளும் பிரிக்கும் மறுநாளும் காலத்தில் சேர்ந்திருக்க வேண்டும். விழுவதும் சரிவதும் அந்த இரண்டு நாளில்தான் அதிகம். எதிர்பார்க்கும் கூட்டத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மைதானத்தின் உரிமையாளரையும் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கச் சொன்னால் கல்லூரி நிர்வாகங்கள் அனுமதி தருவது எளிதாகும். சாப்பாட்டுக் கடை உண்டென்றால் உணவு நஞ்சாவதற்கான காப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலைக்கு அமர்த்திய ஆட்களுக்கு இதில் காப்பு இல்லை, அது தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி.

‘என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன்’ என்று கையெழுத்து வாங்கினால் போதுமா?

கையெழுத்திட்டவருக்கும் உங்களுக்கும் இடையில் அதற்கு ஓரளவு மதிப்பு உண்டு. வேடிக்கை பார்க்க வந்து அடிபட்டவர் எதிலும் கையெழுத்திடவில்லையே. 18 வயது நிரம்பாதவரின் கையெழுத்துக்கு ஒப்பந்த மதிப்பே இல்லை. கவனக்குறைவை அந்தத் தாள் மறைக்காது. வாங்குங்கள், ஆனால் அதை நம்பி பாலிசியைக் கைவிடாதீர்கள்.

நுழைவுப் படிவத்தில் என்ன கேட்க வேண்டும், வாசலில் என்ன பார்க்க வேண்டும்?

படிவம் பத்து நாள் முன்பே முடிய வேண்டும். வண்டி எண், ஆர்.சி.யில் உள்ள பெயர், ஆர்.சி. செல்லும் தேதி, பாலிசி எண், அது தொடங்கும் முடியும் நேரம், பாலிசி வகை, ஓட்டி வருபவர் யார், அவர் உரிமம் எதுவரை செல்லும், ஓட்டி வருகிறதா ஏற்றி வருகிறதா, வீட்டு அவசரத் தொலைபேசி எண். ஆர்.சி., பாலிசி, புகைச் சான்றிதழ் மூன்றின் படமும் சேர்ந்து வர வேண்டும்.

வாசலில் ஒரு வண்டிக்கு மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். ஆர்.சி. பெயரும் பாலிசி பெயரும் ஒன்றா, பாலிசி இன்று உயிரோடு இருக்கிறதா, உரிமம் இருக்கிறதா. டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் உள்ள ஆவணம் சட்டப்படி செல்லும், வாட்ஸ்அப்பில் வந்த படம் செல்லாது. பிறகு வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். பெட்ரோல் கசிந்தால் உள்ளே விட வேண்டாம். எத்தனால் 20 சதவீதம் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும், என்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் ஏ.சி. பம்பின் டயாபிரத்தையும் இளக்கிவிடுகிறது. போன மாதம் கசியாத வண்டி இன்று சொட்டும். டயருக்கு முன்னும் பின்னும் கட்டை, எண்ணெய் சொட்டும் இடத்தில் தட்டு, வரிசை நின்றதும் பேட்டரி ஒயர் கழற்றல், நாலு காருக்கு ஒரு ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான். எவ்வளவு தெரிந்தவர் வண்டியானாலும் இந்த வரிசையைத் தளர்த்தாதீர்கள்.

வண்டியை நகர்த்த உரிமையாளரின் பதினாறு வயதுப் பையனை விடக் கூடாது. பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் 199ஏ பிரிவில் உண்டு.

போலீஸ் அனுமதி வேண்டுமா?

வளாகத்துக்குள் என்றால் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கி வைப்பது நல்லது. ஒலிபெருக்கிக்கும், வரிசையாகச் சாலையில் போவதற்கும் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். பாதை, நேரம், வண்டிகளின் எண்ணிக்கை மூன்றையும் கடிதத்தில் எழுதுங்கள்.

விபத்து நடந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

அடிபட்டவரை மருத்துவமனைக்கு அனுப்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஓட்டியவர் அங்கிருந்து போய்விடக் கூடாது. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி செய்வதும், கூடிய விரைவில், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிப்பதும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதுவதும் 134-ஆம் பிரிவில் ஓட்டுநரின் கடமைகள்.

வண்டியைத் தள்ளி ஓரமாக வைக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். டயர் கட்டை எங்கே இருந்தது, கயிறு எங்கே கட்டியிருந்தது, தரைச் சரிவு எந்தப் பக்கம் என்பதும் படத்தில் தெரிய வேண்டும். அடிபட்டவரிடமோ குடும்பத்திடமோ ‘எல்லாச் செலவையும் நாங்களே ஏற்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்கக் கூடாது என்பது பாலிசி நிபந்தனை. கையிலிருந்து மருத்துவச் செலவுக்கு உதவுவதை யாரும் தடுக்கவில்லை, ரசீதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் தன் நிறுவனத்துக்கும் நடத்துபவர் தன் நிறுவனத்துக்கும் அன்றே தனித்தனியாகத் தகவல் கொடுக்க வேண்டும். எந்தப் பாலிசியில் வரும் என்று அவர்களுக்குள் முடிவாகட்டும், நீங்கள் ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க வேண்டாம். சர்வேயர் பார்க்கும்வரை உடைந்த பாகத்தைத் தூக்கிப் போடக் கூடாது, வண்டியை ஸ்டார்ட் செய்து வீட்டுக்கு ஓட்டிப் போகவும் கூடாது. அப்படி ஓட்டியதால் கூடும் சேதம் உங்கள் கணக்கு. அன்றைய நுழைவுப் படிவங்கள், வாசலில் எடுத்த குறிப்பு, பார்த்த இருவரின் பெயர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி மூடுங்கள். தீர்ப்பாயத்தில் வழக்கு பல மாதம் கழித்துத்தான் அழைக்கப்படும். அதுவரை அந்த உறை ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர் யார் என்பதைக் கூடலுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.